நுழைவாயிலில் நிற்கும் மொழி: சர்வதேச பாடசாலைகளும் தமிழ் பேசும் நம் பிள்ளைகளும்

சர்வதேச பாடசாலைகளுக்கான மாணவர் அனுமதிக் காலம் நெருங்கும்போதெல்லாம் மத்ரஸாவில் கற்பிக்கின்ற நம்மிடம் பெற்றோர் சிலர் ஒரே வகையான கவலையுடன் வருகின்றனர். பிள்ளை கெட்டிக்காரன், கணக்கு நன்றாகச் செய்வான், குர்ஆனில் சில ஜுஸ்உக்களை மனனமிட்டும் இருக்கிறான். ஆயினும் நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை என்பதால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். அல்லது வயதுக்குரிய தரத்துக்கு இரண்டு தரம் கீழே சேர்ப்பதாயின் ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்திருக்கும். அவர்கள் நம்மிடம் துஆவைக் கேட்கின்றனர். துஆச் செய்கின்றோம். அத்துடன் இவ்விடயத்தில் நமது அபிப்பிராயத்தையும் சொல்லிவைப்பது கடமை எனக் கருதுகின்றோம். ஏனெனில், நமது சமூகத்தவர் நடத்துகின்ற, இஸ்லாமியச் சூழல் உண்டு என விளம்பரம் செய்கின்ற பாடசாலைகளிலும் இதே நடைமுறையே காணப்படுகின்றது.

இப்பாடசாலைகள் இலங்கையில் எவ்வாறு தோன்றின என்பதை முதலில் நினைவுகூர்வது நல்லது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கட்டணம் அறவிடும் புதிய தனியார் பாடசாலைகளை ஆரம்பிக்கவும் வழி அடைபட்டது. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது, கம்பனிச் சட்டத்தின் கீழ் வர்த்தக நிறுவனங்களாகப் பதிவுசெய்துகொண்டு ஆங்கில மொழி மூலப் பாடசாலைகள் தோன்றலாயின. அவற்றுட் பல கேம்பிரிட்ஜ், எடெக்செல் போன்ற பிரித்தானியப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்செய்கின்றன. சில, நமது தேசிய பாடத்திட்டத்தையே ஆங்கிலத்தில் கற்பிக்கின்றன. கம்பனி என்ற வகையில் யாரைச் சேர்ப்பது, எத்தரத்தில் சேர்ப்பது, எதை வைத்துத் தீர்மானிப்பது என்பவற்றை ஒவ்வொரு பாடசாலையும் தானே வகுத்துக்கொள்கின்றது. அரச பாடசாலையில் தரம் ஒன்றுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் சுற்றறிக்கை உண்டு, மேன்முறையீடு உண்டு. இங்கோ பெரும்பாலும் அதிபரின் ஒரு சொல்லே முடிவாகின்றது. ஆகவே, சட்டம் கேட்காத இடத்தில் மனச்சாட்சிதான் கேட்க வேண்டியிருக்கின்றது.

பரீட்சை வைப்பதில் தவறில்லை. அப்பரீட்சை எதை அளக்கின்றது என்பதில்தான் குழப்பம். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒரு கேள்வி. தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே வினாத்தாளில் கேட்டு, ஒரே புள்ளியை இட்டு, அதை வைத்துப் பிள்ளையின் அறிவைத் தீர்மானிக்கின்றனர். தமிழ் மொழி மூலம் தரம் ஐந்து வரை கற்ற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பின்னம் என்றால் என்ன, தொகுதி எது, பகுதி எது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இலை எவ்வாறு உணவு தயாரிக்கின்றது என்று கேட்டால் சூரிய ஒளி, நீர், காற்று என்று அழகாகச் சொல்வான். அதே வினா ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாளில் வரும்போது வெற்றிடம் விட்டுவிட்டு வருகின்றான். அத்தாளைத் திருத்துபவர் விஞ்ஞானம் தெரியாத பிள்ளை எனக் குறித்துக்கொள்கின்றார். அங்கே அளக்கப்பட்டது விஞ்ஞானமன்று.

இதைவிடக் கவலைக்குரியது பெற்றோரை நேர்முகம் காண்பதாகும். முன்பள்ளி முடித்த ஐந்து வயதுப் பிள்ளையின் தாயிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, அவர் தடுமாறினால் வீட்டில் ஆங்கிலச் சூழல் இல்லை என்று எழுதிவிடுகின்றனர். அந்தத் தாய் கல்யாணமாகும் முன்னர் உயர்தரம் சித்தியடைந்தவராக இருக்கலாம். தினமும் பிள்ளையை மடியில் இருத்திக் கதை சொல்பவராக இருக்கலாம். அவை யாருடைய படிவத்திலும் இல்லை. கணவன் மத்திய கிழக்கில் உழைத்தனுப்பும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னால்தான் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்று அவர் அழுவதைக் கேட்டிருக்கின்றோம். ஆங்கிலம் கற்பிப்பதற்காகவே நடத்தப்படும் ஒரு பாடசாலை, ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கும் வீட்டுப் பிள்ளைகளை மாத்திரம் பொறுக்கியெடுத்தால், பின்னர் வரும் சிறந்த பெறுபேற்றில் அப்பாடசாலையின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இங்கே மத்ரஸா மரபிலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். மத்ரஸாவுக்கு ஒரு பிள்ளை வந்தால் நாமும் சோதிக்கின்றோம். அலிஃபிலிருந்து தொடங்கி எழுத்துக்களைக் காட்டிக் கேட்கின்றோம். சேர்த்து ஓத வருகின்றதா எனப் பார்க்கின்றோம். மனனம் உள்ளதா எனக் கேட்கின்றோம். ஆனால் அச்சோதனை பிள்ளையைத் திருப்பியனுப்புவதற்காகச் செய்யப்படுவதன்று. முதல் பாடத்தை எங்கிருந்து கொடுப்பது என்பதை அறிவதற்காகும். பழைய ஓதற்பள்ளிகளில் ஒரே பாயில் ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அமர்ந்திருப்பர். ஒருவர் எழுத்துக் கூட்டுவார். மற்றவர் அம்ம ஜுஸ்உவில் இருப்பார். இன்னொருவர் பகரா ஸூராவை எட்டியிருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஸபக். பிந்தி வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை அலிஃபிலிருந்து தொடங்கினாலும், ஃபிக்ஹ் பாடத்தில் தன் வயதொத்தவர்களுடன்தான் அமர்வார். வுளூவின் ஃபர்ளுகளை அவர்களோடு சேர்ந்துதான் கற்பார். எழுத்துத் தெரியவில்லை என்பதற்காக அவரை ஆறு வயதுப் பிள்ளைகளுடன் இருத்தி, சிறு பிள்ளைகளுக்குரிய ஒழுக்கப் பாடத்தையே மீண்டும் கேட்கச் செய்யும் முஅல்லிமை நாம் கண்டதில்லை. (மத்ரஸாக்களில் வேறு குறைகள் உண்டு. அவற்றைப் பற்றி இன்னொரு சமயம் பேசலாம்.)

இம்மரபுக்கு மார்க்கத்தில் ஆழமான அடிப்படை இருக்கின்றது. குர்ஆனைத் தேர்ச்சியோடு ஓதுபவரின் உயர்ந்த அந்தஸ்தைச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு எனக் கூறியதாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. திணறல் அங்கே குற்றமாகக் கணக்கிடப்படவில்லை, உழைப்பாகக் கணக்கிடப்பட்டது. மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு இறைஞ்சியதையும், தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டதையும் அல்குர்ஆன் தாஹா, கஸஸ் ஆகிய ஸூராக்களில் எடுத்துரைக்கின்றது. பேச்சில் இலகு வேண்டிய ஒருவருக்கு அல்லாஹ் தூதுத்துவத்தை மறுக்கவில்லை, துணையைக் கொடுத்தான். மொழியில் பின்தங்கிய பிள்ளைக்குப் பாடசாலை செய்ய வேண்டியதும் இதுவே: துணையொன்றைக் கொடுத்து உள்ளே எடுப்பது.

இனி, கல்வியியலாளர்கள் சொல்வதைப் பார்ப்போம். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்பவர் 1979ஆம் ஆண்டு முதல் வலியுறுத்திவரும் ஒரு வேறுபாடு ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியதாகும். விளையாட்டு மைதானத்திலும் சிற்றுண்டிச்சாலையிலும் பேசும் மொழி வேறு. வரலாற்றுப் பாடத்தின் காரண காரியங்களை எழுதும் மொழி வேறு. முதலாவது, இரண்டு வருடங்களளவில் வந்துவிடும். இரண்டாவதில் அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடங்கள் வரை செல்லும். இதிலிருந்து இரு விடயங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, நேர்முகப் பரீட்சையில் சரளமாகப் பேசிவிட்ட பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்று எண்ணுவது தவறு. தொலைக்காட்சியிலும் யூடியூப்பிலும் ஆங்கிலம் பழகிய பிள்ளை, பெயர் என்ன, வயது என்ன, எந்த நிறம் பிடிக்கும் என்பவற்றுக்கெல்லாம் பதில் சொல்லி உள்ளே நுழைந்துவிடும். தரம் நான்கில் பாடநூல் கடினமாகும்போது விழும். அப்போது அதனைச் சோம்பேறி என்பார்கள். இரண்டாவது, ஒரு வருடம் கீழே இருத்தினால் ஆங்கிலம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. ஏழு வருடப் பயணத்தைச் செய்ய வேண்டிய பிள்ளைக்கு, தனக்கு ஏற்கெனவே தெரிந்த கணிதத்தை ஒரு வருடம் திரும்பப் படிப்பதால் விளையும் பயன் என்ன? உயரத்திலும் வயதிலும் கூடிய ஒரு பிள்ளை சிறியவர்கள் நடுவே அமர்ந்து கூச்சத்தால் மேலும் வாய் மூடிக்கொள்வதுதான் நடக்கின்றது.

வாய் மூடியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகள் பலர் தொடக்கத்தில் வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக மௌனமாக இருப்பர். அம்மௌனம் கேட்டுச் சேகரிக்கும் காலமாகும். அதைக் கண்டு பிள்ளைக்குக் குறைபாடு இருக்கின்றது, விசேட தேவைப் பிரிவுக்கு அனுப்புங்கள் எனச் சொல்லும் ஆசிரியர்கள் உள்ளனர். இப்பாடசாலைகள் எந்நாட்டின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றனவோ அந்த இங்கிலாந்தில், 2015இல் வெளியான விசேட கல்வித் தேவைக்கான நடைமுறைக் கோவை, ஆங்கிலம் மேலதிக மொழியாக இருப்பதால் மாத்திரம் ஏற்படும் சிரமம் விசேட கல்வித் தேவையாகாது எனத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. உண்மையான குறைபாடாயின் அது தாய்மொழியிலும் தெரியும். ஆகவே தமிழ் தெரிந்த ஒருவர் பிள்ளையோடு கால்மணி நேரம் பேசிப் பார்த்தாலே பெரும்பகுதி தெளிவாகிவிடும். அப்படிப்பட்ட ஒருவர் அநேகமாக எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கின்றார். இஸ்லாம் பாட ஆசிரியரே போதும்.

கேம்பிரிட்ஜ் பரீட்சை முறையும் இதற்குச் சான்றாகும். ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் ஆங்கிலம் முதல் மொழி என ஒரு பாடமும், ஆங்கிலம் இரண்டாம் மொழி என இன்னொரு பாடமும் தனித்தனியாக உள்ளன. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர் வருவர், அவர்களுக்கெனத் தனிப் பாடம் வேண்டும் எனப் பரீட்சையை நடத்துவோரே ஏற்றுக்கொண்டிருக்கையில், அப்பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் கொழும்பு, கண்டிப் பாடசாலைகள் ஐந்து வயதிலேயே முதல் மொழிக்காரரைத் தேடுவது விந்தையாக இருக்கின்றது.

பாடசாலைகளின் தரப்பிலும் நியாயங்கள் உள்ளன. ஒரு வகுப்பில் முப்பது பேர், ஆசிரியர் ஒருவர், அவரும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தெரிந்தவரேயன்றி, ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரல்லர். பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் விளங்காவிட்டால் மீதிப் பாதியின் பெற்றோர் முறைப்பாடு செய்வர். கட்டணத்தில் இயங்கும் நிறுவனத்துக்கு அது சிறிய விடயமன்று. தரம் பத்தில், பொதுப் பரீட்சைக்கு ஒன்றரை வருடம் இருக்கையில், ஆங்கிலம் அறவே தெரியாத ஒரு மாணவரை ஏற்றுக்கொள்ளத் தயங்கும் அதிபரை நாம் குறைகூற மாட்டோம். அவ்வாறான மாணவரைக் கட்டணத்துக்காகச் சேர்த்துக்கொண்டு, ஈற்றில் பரீட்சைக்குத் தோற்றவிடாமல் நிறுத்துவதுதான் பெரிய அநியாயம். முடியாது எனில் முடியாது என்று நேர்மையாகச் சொல்வது அமானிதத்தைப் பேணுவதாகும். ஆனால் தரம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் வரும் பிள்ளையிடம் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. அங்கே காலம் இருக்கின்றது.

ஆங்கில உதவி வகுப்புகளை நடத்தும் பாடசாலைகளும் இருக்கின்றன; அவற்றைப் பாராட்டுகின்றோம். எனினும் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் கணிதப் பாடத்திலிருந்து வெளியே எடுத்து ஆங்கிலம் கற்பித்தால், அவன் ஆங்கிலத்தில் ஏறும்போது கணிதத்தில் இறங்குகின்றான். இஸ்லாம் பாட நேரத்திலும் குர்ஆன் பாட நேரத்திலும் வெளியே எடுப்பதையும் அறிவோம். அவை பரீட்சைப் பாடங்களல்ல என்ற எண்ணம் போலும். உதவி ஆசிரியர் வகுப்புக்குள்ளேயே வந்து, அன்றைய பாடத்தின் சொற்களை முன்கூட்டியே கற்பித்து, படமும் அட்டவணையும் கொண்டு விளக்கினால் இரண்டும் நடக்கும். உதவிக்கெனத் தவணைக் கட்டணத்துக்கு மேலாக அறவிடும் பணம் இன்னொரு கேள்வி. அறவிடுவதாயின், எத்தனை மாதங்களுக்கு, எந்நிலையை எட்டியதும் அது நிற்கும் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். ஐரோப்பிய சபை 2001இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோல் உலகெங்கும் வழக்கில் இருக்கின்றது. பிள்ளை அதில் எப்படியில் நிற்கின்றது, எப்படியை எட்டினால் உதவி வகுப்பிலிருந்து விடுபடும் என்று சொல்வது கடினமான காரியமன்று.

பெற்றோருக்குத் தரப்படும் ஓர் ஆலோசனையை நாம் வன்மையாக மறுக்கின்றோம். வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஆங்கிலமே பேசுங்கள் என்பதே அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த தாய், அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையிடம் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறை மொழியே. முழுமையாகத் தெரிந்த மொழியில் அவர் ஏன், எப்படி என்று பிள்ளையுடன் உரையாடினால், அந்தச் சிந்தனை பின்னர் ஆங்கிலத்துக்கும் கடந்துசெல்லும். தாய்மொழி உறுதியாக உள்ள பிள்ளை இரண்டாம் மொழியை நன்கு கற்கும் என்பதே கம்மின்ஸ் முதலானோர் சொல்வது. பாடசாலை வளவில் தமிழ் பேசினால் தண்டப்பணம் என்ற விதியோ நமக்குப் பெரும் வேதனை தருகின்றது. மொழிகளின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் ரூம் ஸூராவில் சொல்லிக்காட்டியிருக்க, அதே ஸூராவைக் காலைக் கூட்டத்தில் ஓதவிட்டு, ஒன்பது மணிக்குத் தமிழ் பேசியவனிடம் பணம் வாங்குவதை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

இதன் விளைவை நாம் மாலை நேர மத்ரஸாவில் காண்கின்றோம். பிள்ளை குர்ஆனை அழகாக ஓதுகின்றது. தொழுகையின் சட்டத்தைத் தமிழில் சொன்னால் முகத்தைப் பார்க்கின்றது. தமிழ் நூலை வாசிக்கத் தெரியாததால் துஆக்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்கின்றது. அதில் ஸீனுக்கும் ஸாதுக்கும் வித்தியாசம் இல்லை. ஜும்ஆக் குத்பா ஊரில் தமிழில் நடக்கின்றது. அரை மணி நேரம் விளங்காமல் அமர்ந்திருக்கின்றது. ஒவ்வொரு தூதரையும் அவரவர் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பியதாக இப்ராஹீம் ஸூராவில் அல்லாஹ் கூறுவதன் பொருளை, உம்மும்மாவிடம் பேச மொழியில்லாத பேரப்பிள்ளையைப் பார்க்கும்போது இன்னும் தெளிவாக உணர்கின்றோம்.

நாம் ஆங்கிலத்துக்கு எதிரானவர்கள் என எவரும் எண்ணிவிடக் கூடாது. ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், அவர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுக்கொண்டதும் திர்மிதியில் உள்ளது. நமது நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தால் மிஷனரிமாரின் பாடசாலைகளை நம் முன்னோர் தவிர்த்தபோது, ஆங்கிலம் இன்றிச் சமூகம் பின்தங்கும் எனக் குரல் எழுப்பியவர் அறிஞர் சித்திலெப்பை. அவர் 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழ்ப் பத்திரிகையாகும். அவரும் வாப்பிச்சி மரிக்காரும் முன்னின்று 1892இல் மருதானையில் ஆரம்பித்த பாடசாலை ‘அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா’ என்ற அரபுப் பெயரைத் தாங்கியது. அவருக்கு ஒரு மொழி வருவதென்றால் இன்னொன்று போக வேண்டும் என்ற எண்ணம் இருக்கவில்லை. அன்று ஆங்கிலப் பாடசாலைக்குப் பிள்ளைகளை வாருங்கள் என்று அழைக்க வேண்டியிருந்தது. இன்று வரிசையில் நிற்கும் பிள்ளைகளை அதே சமூகத்தின் பாடசாலைகள் ஆங்கிலம் போதாது என்று திருப்பியனுப்புகின்றன.

பெற்றோர்களே, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது வீட்டு மொழி தமிழ் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதை மறைத்தால் பிள்ளைக்குரிய உதவி கிடைக்காமற் போகும். பொய்யெழுதிய பாவமும் சேரும். கணிதத்தைத் தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று அதிபரிடம் பணிவாக வேண்டுங்கள். கீழ்த் தரத்தில் சேர்ப்பதாகச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு தவணையின் பின்னர் மீள்பரிசீலனை உண்டா எனவும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கட்டணம் செலுத்துபவர் நீங்கள். நமது சமூகத்துப் பாடசாலைகளின் முகாமைத்துவ சபையில் இருப்போரிடம் நாம் வேண்டுவதும் அதிகமில்லை: தரம் ஐந்துக்குக் கீழே ஆங்கிலத்தை மாத்திரம் காரணம் காட்டி எப்பிள்ளையையும் மறுக்காதீர்கள்; தாயின் ஆங்கிலத்தைச் சோதிக்காதீர்கள்.

இன்னொன்று. இப்பாடசாலைகள் முன்பள்ளியின் அறிக்கையைக் கேட்கின்றன; முந்திய பாடசாலையின் தேர்ச்சி அறிக்கையைக் கேட்கின்றன. மத்ரஸாவிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. அரபு பேசத் தெரியாத ஒரு பிள்ளை, அரபியில் மூன்று ஜுஸ்உக்களைப் பிழையின்றி மனனமிட்டிருக்குமாயின், அந்நிய மொழியின் ஓசையைக் கேட்டுப் பிடிக்கும் ஆற்றலுக்கும் நினைவாற்றலுக்கும் தினமும் பாடம் ஒப்புவிக்கும் ஒழுங்குக்கும் அதைவிடச் சான்று வேண்டியதில்லை. எத்தனை மாதங்களில் எவ்வளவு ஓதி முடித்தது, எங்கே தடுமாறியது, எவ்வாறு திருத்திக்கொண்டது என்பதெல்லாம் முஅல்லிமின் கொப்பியில் நாள்வாரியாக உள்ளது. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் முன்னர் வந்து கேளுங்கள். ஒரு பக்கத்தில் எழுதி, முத்திரையிட்டுத் தருகின்றோம்.